அடுத்த பதிப்புக்கென ஒதுக்கப்படும் மொழி

மென்பொருளொன்று வெளியிடப்படும்போது அதில் சேர்க்கப்பட்ட வசதிகளே விளம்பரப்படுத்தப்படுகின்றன. எவை விடப்பட்டன, அவற்றை விடுவதென எவர் தீர்மானித்தனர் என்பவை வெளியே தெரிவதில்லை. அரச சேவைகள் ஒவ்வொன்றாகக் கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் மாறிவருகின்ற இக்காலத்தில், இத்தீர்மானம் பொறியியலாளர்களுக்கு மட்டுமே உரிய விடயமல்ல என நாம் கருதுகின்றோம்.

கேட்கப்படும் யாவற்றையும் ஒரே வெளியீட்டில் அடக்கிவிட முடியாது என்பது உண்மையே. 2001 இல் விண்டோஸ் எக்ஸ்பியை வெளியிட்ட மைக்ரோசொப்ட் நிறுவனம் அதற்கடுத்த பதிப்பின் மீது அளவுக்கு மீறிச் சுமையேற்றியது. கோப்புகளைச் சேமிப்பதற்கென அறிவித்திருந்த வின்எப்எஸ் எனும் புதிய முறையை 2004 ஆகஸ்டில் அப்பதிப்பிலிருந்து நீக்க நேர்ந்தது. அதன் பின்னரும் விஸ்டா பொதுமக்களின் கைக்கு வந்தது 2007 ஜனவரியிலேயே. அதே ஆண்டு வெளிவந்த முதலாவது ஐபோனிலோ எழுத்துகளைப் பிரதிசெய்து ஒட்டும் சாதாரண வசதிகூட இருக்கவில்லை. 2009 இல்தான் அது சேர்க்கப்பட்டது. பாவனையாளர்கள் முணுமுணுத்தனர், ஆயினும் வாங்கினர்.

இத்தெரிவுக்கென 1994 இல் டை கிளெக் என்பவர் வகுத்த முறையொன்று இன்றும் பரவலாகக் கையாளப்படுகின்றது. அதன் பெயர் மொஸ்கோ. ரஷ்யத் தலைநகருக்கும் அதற்கும் தொடர்பேதுமில்லை. ஆங்கில முதலெழுத்துகளால் அமைந்த பெயர் அது. கட்டாயமானவை, அவசியமானவை, இருந்தால் நல்லவை, இம்முறை இல்லாதவை எனத் தேவைகள் நான்காகப் பிரிக்கப்படுகின்றன. எல்லோருமே தமது தேவையைக் கட்டாயம் என்பர். ஆகவே மேசையில் அமர்ந்திருப்பவர் எவர் என்பதே முடிவைப் பெரிதும் நிர்ணயிக்கின்றது.

தமிழ் மொழி பெரும்பாலும் மூன்றாம் வகுப்பில் வீழ்ந்துவிடுகின்றது. 'அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்' என்பது நம்மவர் கேட்டுப் பழகிய பதில். ஆனால் பிரதிசெய்யும் வசதியைப் போன்று மொழியைப் பிற்பாடு ஒட்டவைத்தல் எளிதன்று. தரவுத்தளம் ஆரம்பத்திலேயே யுனிகோட் எழுத்துகளை ஏற்குமாறு அமைய வேண்டும். படிவக் கட்டங்கள் நீண்ட தமிழ்ச் சொற்களுக்கு இடமளிக்க வேண்டும். ஆங்கில வாசகங்களை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டால், பின்னர் ஒவ்வொன்றாகத் தோண்டியெடுக்க வேண்டிவரும். தள்ளிப்போடுவதால் செலவு குறைவதில்லை, கூடுகின்றது.

சிறுபான்மை என்பதும் மேசைக்கு மேசை மாறுபடும். விண்டோஸ் 2000 பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. சிங்களம் விஸ்டா வரும்வரை காத்திருந்தது. இந்தியச் சந்தையின் பருமன் இதற்குக் காரணமாயிருக்கும் என ஊகித்தல் கடினமன்று. கொழும்பில் போடப்படும் கணக்கோ வேறு.

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனவே அரச மென்பொருளுக்கான கேள்விப்பத்திரத்திலேயே தமிழ் கட்டாய வகுப்பில் எழுதப்பட வேண்டும். கிண்ணியாவிலோ மன்னாரிலோ ஒருவர் தமது பெயரைத் தமிழில் பதிந்து, அதே பெயரைத் தேடிப் பெற முடிந்த பின்னரே ஒப்பந்தக்காரருக்கு இறுதிக் கொடுப்பனவு வழங்கப்பட வேண்டும்.