தொடை பருத்த இகுவானா

குட்டி இகுவானாவின் பின்னந்தொடை உருண்டு திரண்டிருந்தால் வளர்ப்பவருக்கு அப்படியொரு பெருமை. “நல்லா சாப்பிடுறான், சதை போட்டுட்டான்” என்பார்கள். உடம்பு ஒல்லியாக இருக்க, தொடை மட்டும் பருத்திருந்தால் அது சதையல்ல, நோய்.

ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடல் அதை எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். இப்படி வலுவிழந்த எலும்புக்கு முட்டுக்கொடுக்க நார்த்திசு வளரும். பார்ப்பவர் கண்ணுக்கு அதுதான் புஷ்டியாகத் தெரிகிறது. கூடவே கீழ்த்தாடை வீங்கி, தொட்டால் ரப்பராக வளையும். வயிற்றைத் தூக்கி நடக்க வேண்டிய பிராணி தரையோடு இழுத்துக்கொண்டு போகும். விரல்கள் தானாகத் துடிக்க ஆரம்பித்துவிட்டால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. அன்றே ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். இந்த நிலையில் வீட்டிலிருக்கும் குழந்தைகளுக்கான கால்சியம் சிரப்பைக் கணக்கில்லாமல் வாயில் ஊற்றுவது வைத்தியமல்ல.

மெக்சிகோ முதல் பிரேசில் வரை மரக்கிளைகளில் வெயில் காயும் பிராணி இந்தப் பச்சை இகுவானா. நம் வீட்டில் கண்ணாடித் தொட்டிக்குள், பெரும்பாலும் ஏசி அறையில் இருக்கிறது. “தொட்டி ஜன்னலோரம்தான் இருக்கு, வெயில் நல்லா விழுதே” என்பார்கள். விழுகிற வெளிச்சம் விழட்டும், தேவையான கதிர் உள்ளே வருவதில்லை. தோலில் வைட்டமின் டி3 உருவாக 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புற ஊதா-பி (யுவிபி) கதிர் வேண்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். டி3 இல்லாவிட்டால் தட்டில் எவ்வளவு கால்சியம் வைத்தாலும் உடம்பில் ஒட்டாது. இதற்கென்று விற்கும் யுவிபி விளக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அது எரிந்துகொண்டே இருக்கும், கதிர் மட்டும் தேய்ந்திருக்கும். தயாரிப்பைப் பொறுத்து ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ மாற்றியாக வேண்டும்.

நம்மூர் காலை வெயில் எந்த விளக்கையும்விட உசத்தி, அதுவும் இலவசம். வலைக்கூண்டில், பாதி நிழல் இருக்கும்படி, பக்கத்தில் நாம் இருந்துகொண்டு காட்டலாம். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் மட்டும் குட்டி வெந்து செத்துவிடும். அதற்குச் சில நிமிடங்களே போதும்.

“சாப்பிடவே மாட்டேங்குது” என்ற புகாருக்கு முதல் மருந்து தெர்மாமீட்டர். குளிர்காயும் கிளையின் மேல் 35 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரையும், தொட்டியின் மறுகோடியில் 26, 27 டிகிரியும் இருக்க வேண்டும். இகுவானா இலையைத் தன்னால் மட்டும் செரிப்பதில்லை. பின்குடலில் உள்ள நுண்ணுயிரிகள்தான் அதை நொதிக்கவைக்கின்றன. சூடு இல்லையென்றால் அவை வேலை செய்யாது, பசியும் எடுக்காது. காட்டில் குட்டிகள் இந்த நுண்ணுயிரிகளைப் பெரிய இகுவானாக்களின் எச்சத்தைத் தின்று பெறுகின்றன. 1980களில் பனாமாவில் கேத்தரின் டிராயர் செய்த ஆய்வில் இது தெரியவந்தது. கேட்க அருவருப்பாக இருக்கலாம், குட்டிக்கு அதுதான் சீம்பால். சூடு வேண்டுமென்று மின்சாரச் சூட்டுக்கல்லை வாங்கி வைக்காதீர்கள். அடிவயிறு வெந்தாலும் அதன்மேல் படுத்தே கிடக்கும். என்னைக் கேட்டால், குட்டி விற்கும் கடைகள் கூடவே இரண்டு தெர்மாமீட்டரையும் கட்டாயமாகத் தலையில் கட்டவேண்டும்.

ஆனால் கடைகள் தலையில் கட்டுவது என்னவோ புழுவும் வேகவைத்த முட்டையும்தான். இகுவானா சுத்த சைவம். அசைவத்தில் ஆரம்ப வளர்ச்சி கிடுகிடுவென்று தெரியும், சில வருடம் கழித்துச் சிறுநீரகம் கைவிடும். முருங்கைக்கீரை, செம்பருத்தியின் இலையும் பூவும், துருவிய பூசணி என நம் கொல்லையிலேயே நல்ல தீனி இருக்கிறது. பாலக் தினமும் வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெள்ளரிக்காயில் தண்ணீரைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை.

நோயே இல்லாமல் பதறவைக்கும் விஷயங்களும் உண்டு. குட்டி அடிக்கடி தும்மும், கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் பொடி படியும். சளி என்று மருந்துக்கு ஓடுவார்கள். மிகுதியான உப்பை மூக்குச் சுரப்பி வழியே வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். மூக்கில் குமிழி, திறந்த வாயோடு மூச்சு, பசியின்மை என்றால் கதை வேறு. எச்சத்தோடு வரும் வெள்ளைப் பகுதியும் இயல்பானதே. அது யூரிக் அமிலக் கழிவு. மஞ்சளாகி இறுகினால் தண்ணீர் போதவில்லை என்று பொருள்.

நேர்மாறான தவறு இன்னும் கொடுமை. தடவிக் கொடுக்கும்போது கண்ணை மூடுகிறதென்றால் சொக்கிப்போகிறது என்று படம் எடுக்கிறார்கள். பல சமயம் அது பயத்தில் உலகத்தையே அடைத்துக்கொள்வது. மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்து. எனவே பக்கவாட்டிலிருந்து, மெதுவாக, தீனியோடு கையை நீட்ட வேண்டும். புது வீட்டில் முதல் சில நாள் தொடாமல் விடுவதே மரியாதை. கண்ணாடியில் மூக்கை மோதி மோதிப் புண்ணாக்கிக்கொண்டால் தொட்டியின் கீழ்ப்பாதியைக் காகிதத்தால் மறையுங்கள். துணைக்கென்று இரண்டு குட்டிகளை ஒன்றாக விடவும் வேண்டாம். சண்டை கண்ணுக்குத் தெரியாது. வலுத்தது விளக்கடியில் உட்கார்ந்திருக்கும், இளைத்தது குளிர்ந்த மூலையில் நிறம் கருத்துக் கிடக்கும்.

தொட்ட பிறகு கையைச் சோப்பு போட்டுக் கழுவுவது கட்டாயம். ஆரோக்கியமான பிராணியின் குடலிலும் சால்மோனெல்லா இருக்கலாம், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அது ஆபத்து. சட்டப்படியான ஆவணமும் முக்கியம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தமும் 2024 விதிகளும் வந்தபின், பச்சை இகுவானாவை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது குட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தொட்டியின் படம், விளக்கு வந்த அட்டைப்பெட்டி, வெப்பநிலைக் குறிப்பு, அன்றைய எச்சம் ஆகிய நான்கையும் எடுத்துப்போனால் பாதி நோய் அங்கேயே பிடிபடும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எடையை எழுதிவையுங்கள். வளரும் குட்டியின் எடை இரண்டு வாரம் தொடர்ந்து ஏறவில்லையென்றால், வேறு எந்த அறிகுறிக்கும் காத்திருக்க வேண்டாம்.