சாடியில் வளரும் அத்திக்கு நீரூட்டலும் கனி காத்தலும்

முல்லைத்தீவு மாவட்டத்தின் முள்ளிவாய்க்கால், ஒரு பக்கம் சமுத்திரமும் மறுபக்கம் நந்திக்கடலும் அணைத்து நிற்கும் மணற்றிடராகும். இங்கு மழைநீரே மணலினுள் ஊறி, உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாய்த் தங்குகின்றது. கோடையில் கிணற்றை அளவுமீறி இறைப்பின் உவர் மேலெழும். 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை இக்கரையோரக் கிணறுகளை உவர்ப்பாக்கியதைக் கண்டோர் பலர். 2009 இல் போர் முடிந்து, பின்னர் மீளக் குடியேறியோர் வெறும் வளவுகளில் மீண்டும் மரம் வைக்க வேண்டியதாயிற்று. நன்னீர் அரிதான இத்தகைய வளவுக்குச் சாடியில் வளர்க்கும் அத்தி ஏற்றது.

ஈண்டு அத்தியெனக் குறிப்பது சீமையத்தியையே. ஆற்றோரங்களில் அடிமரத்திற் குலைகுலையாய்க் காய்க்கும் நாட்டத்தி வேறு. சாடிக்கேற்ற சீமையத்தி இனங்கள் மகரந்தச் சேர்க்கையின்றியே கனி தருவன; ஆதலின் ஒரு மரமே போதும். முற்றிய தண்டை நட்டு உண்டாக்கலாம்.

வாய் ஒன்றரை அடி அகலமுள்ள சாடியோ, அடியில் துளையிட்ட பழைய பீப்பாயோ போதுமானது. மணல், மக்கிய மாட்டெரு, கூட்டெரு ஆகியவற்றைக் கலந்து நிரப்புக. கத்தரியோ தக்காளியோ நின்ற பாத்தி மண்ணை மாத்திரம் இடலாகாது. அப்பயிர்களின் வேரில் முடிச்சுகளை உண்டாக்கும் நுண்புழு அத்தி வேரையும் விடுவதில்லை. மணற்பாங்கான நிலத்தில் அது மிகுதி. தரையில் நட்ட அத்தி காரணம் தெரியாமல் நலிவதற்கு இப்புழுவே பெரும்பாலும் ஏதுவாகும்.

நெற்பயிருக்கு நீர் கட்டிப் பழகிய கை, சாடியிலும் நீர் தேக்க விரும்பும். நெல்லின் தாளினுள்ளே காற்றுக் குழல்கள் இருப்பதனால் அதன் வேர் நீருக்குள்ளும் மூச்செடுக்கும். அத்தி வேருக்கு அவ்வமைப்பில்லை. நீர் தேங்கின் அழுகிவிடும். ஆகவே விரலை இரண்டு அங்குலம் மண்ணிற் புதைத்துப் பார்க்க வேண்டும். ஈரம் தட்டுப்படின் அன்று நீர் வேண்டா. உலர்ந்திருப்பின் அடித்துளையால் நீர் வடியும்வரை மெல்ல ஊற்றுக. நாள்தோறும் ஒரு செம்பு தெளிப்பது மேல்மண்ணை மாத்திரம் நனைக்கும். கச்சான் காற்று வீசும் கோடையில் சிறு சாடிக்கு நாளொன்றுக்கு இருமுறையும் நீர் தேவைப்படலாம்.

மண் முற்றாகக் காய்ந்துவிட்டால் அது சுருங்கிச் சாடியின் சுவரை விட்டு விலகும். அப்போது ஊற்றும் நீர் சுவரோரமாய் ஓடிவிட, வேர் உலர்ந்தபடியே இருக்கும். அடியால் நீர் வடிந்ததைக் கண்டு ஏமாறலாகாது. சாடியை அரை மணிநேரம் நீர்த்தொட்டியில் இறக்கி வைத்து எடுப்பதே இதற்குப் பரிகாரம். மேலே வைக்கோல் அல்லது பொச்சுமட்டை பரப்பினால் ஈரம் நிலைக்கும்.

அத்தி ஓரளவு உவரைத் தாங்கும். எனினும் சாடி விளிம்பில் வெண்படலம் தோன்றின், உப்புச் சேர்ந்துள்ளதென அறிக. மாரிமழையில் சாடியைத் திறந்தவெளியில் வைத்து உப்பைக் கழுவிப் போகவிடலாம். சாடியின் கீழ்த் தட்டில் நீர் நிற்க விடலாகாது. வேருக்கும் தீங்கு, டெங்கு நுளம்புக்கும் இடமாகும்.

காய் பருக்குங்காலத்தில் நீரூட்டல் ஒரே சீராய் இருத்தல் வேண்டும். வாடவிட்டால் பிஞ்சு உதிரும்; வாடியபின் ஒருசேர ஊற்றினால் கனி வெடிக்கும். வெடித்த கனியில் எறும்பும் வண்டும் புகுந்து அது புளித்துவிடும். இளந்தளிரிலே காய் பிடிப்பதனால், மாரி ஓய்ந்த தை மாதத்தில் கிளைகளைக் கத்தரித்துவிட்டால் கனி கோடையிற் பழுக்கும். வேளையல்லா வேளையில் மழை பெய்யின் சாடியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்தலாம்; தரையில் நின்ற மரத்துக்கு இவ்வசதி ஏது?

பறித்தபின் அத்தி பழுப்பதில்லை. கனி மென்மையுற்று, காம்பு வளைந்து தொங்கும்வரை மரத்திலேயே நிற்க வேண்டும். அந்நாள்களிற்றான் பகலிற் காகமும் கிளியும் அணிலும், இரவில் வௌவாலும் வருகின்றன. கனி நிறம் மாறத் தொடங்கியவுடன் ஒவ்வொன்றுக்கும் மெல்லிய பழந்துணிப் பை கட்டுவது செலவில்லாத காப்பு. பொலித்தீன் பையினுள் வியர்த்துக் கனி அழுகும். வலையிடுவோர் அதனைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுக. தொய்ந்த வலையில் பறவைகளும் பாம்பும் சிக்கி மாளும். எறும்பைத் தடுக்க அடித்தண்டிற் சீலை சுற்றி, அதன்மேற் கிறீஸ் பூசலாம். கிறீஸ் மரப்பட்டையிற் படலாகாது.

பழங்களைக் காலையிற் காம்புடன் பறிக்க வேண்டும். காம்பிலிருந்து வடியும் பால் தோலை அரிக்குமாதலால் கையை உடனே கழுவுக. பறித்த பழம் ஓரிரு நாளுக்குமேல் தாங்காது. தொலைவிலுள்ள சந்தைக்கு அனுப்புவதிலும் வீட்டாரும் அயலாரும் உண்பதே நன்று.