நித்திய கல்யாணி தரும் பாடம்

பீடோங் வட்டாரத் தோட்ட வீடுகளின் முற்றத்தில் நித்திய கல்யாணி பூத்து நிற்பது புதுமையன்று. மலாய் மக்கள் இதனைக் கெமுந்திங் சீனா என்பர். மடகாஸ்கர் தீவே இதன் தாயகம். புற்றுநோய் மருந்தாராய்ச்சியில் இச்சிறு செடிக்குத் தனியிடம் உண்டு.

ஜமைக்காவில் இதன் இலைக் கஷாயத்தை நீரிழிவுக்காகக் குடித்து வந்தனர். கனடாவில் இராபர்ட் நோபிள், சார்ல்ஸ் பீர் ஆகிய அறிஞர்கள் இலைச்சாற்றை எலிகளிடம் சோதித்தனர். சர்க்கரை குறையவில்லை; இரத்த வெள்ளணுக்களே குறைந்தன. அந்தக் குறிப்பைப் பின்பற்றிச் சென்றதால் 1958-ஆம் ஆண்டில் வின்பிளாஸ்டின் என்னும் மருந்து வெளிப்பட்டது. அதன் இனமான வின்கிரிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் வழங்கப்படுகிறது. உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு வேண்டிய நுண்ணிழைகள் உருவாகாதபடி தடுப்பதே இவற்றின் வேலை.

இன்று செடிச்சாறுகளைச் சோதிக்கும் முறை யாது? பீடோங்கை அடுத்த செமிலிங்கில் உள்ள ஏம்ஸ்ட் பல்கலைக்கழகம் உட்பட, மலேசியாவின் பல உயர்கல்விக் கூடங்களில் மூலிகை ஆய்வு நடைபெறுகிறது. பொதுவாக, நிழலில் உலர்த்திய இலையைப் பொடித்து, நீரிலோ எரிசாராயத்திலோ ஊறவைத்து வடிப்பர். பின்னர் நீர்மத்தை ஆவியாக்கிச் சாற்றைக் கெட்டியாக்குவர். 96 சிறு குழிகள் கொண்ட தட்டில், 37 பாகை வெப்பத்தில் வளரும் புற்றுநோய் உயிரணுக்களோடு இச்சாற்றைப் பல அளவுகளிற் சேர்ப்பர். இரண்டு மூன்று நாட்கள் கழித்து மஞ்சள் நிற உப்பொன்றை இடுவர். உயிருள்ள அணுக்கள் அதனை ஊதா நிறமாக மாற்றும். ஊதா குறையக் குறைய, உயிர் பிழைத்த அணுக்களும் குறைவு என்பது பொருள்.

ஆயினும் அணுக்கள் மடிந்தமை மட்டும் வெற்றியாகாது. உப்பை மிகுதியாகக் கொட்டினாலும் அவை மடியும். குறைந்த அளவிலேயே மடிகின்றனவா, நல்ல அணுக்கள் தப்புகின்றனவா என்பனவே உண்மையான கேள்விகள். அவற்றிலும் தேறிய சாற்றிலிருந்து வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து, விலங்குகளிடமும், பின்னர் மனிதரிடமும் படிப்படியாகச் சோதித்தல் வேண்டும். பெரும்பாலானவை வழியிலேயே தவறிவிடுகின்றன.

"மூலிகை புற்றுநோயை அழித்தது" என்னும் செய்தியைப் படித்து மருத்துவமனைச் சிகிச்சையைக் கைவிடுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். நித்திய கல்யாணிச் செடியில் நூற்றுக்கு மேற்பட்ட காரப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் நஞ்சும் உண்டு. வின்கிரிஸ்டினோ ஒருமுறைக்கு ஓரிரு மில்லிகிராம் அளவே, அதுவும் நரம்புகளைப் பாதிக்கிறதா என்று கண்காணித்தே, இரத்தக் குழாயிற் செலுத்தப்படுகிறது. செடியை மருந்தாக்கியது அந்த அளவறிவே. வீட்டுக் கஷாயத்தில் அஃது இல்லை.