அரைமணி நேரத்து அத்தாளம்

பகலெல்லாம் உழைத்துக் களைத்து வீடு திரும்பும் குடும்பத்தார்க்கு இரவு உணவு என்பது இன்று ஒரு பெரும் பிரச்சினையாகவே ஆகிவிட்டது. கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் அடுப்பு எரியத் தொடங்குவதே எட்டு மணிக்குப் பிறகுதான். அதற்குள் குழந்தைகள் பசியால் வாடிப் பிஸ்கட்டைத் தின்று உறங்கிவிடுகின்றனர்; அல்லது ஓட்டலிலிருந்து பொட்டலம் வருகிறது. மாதத்தின் முதல் வாரத்தில் வரும் பொட்டலம் மனத்தை உறுத்துவதில்லை. இருபதாம் தேதிக்குப் பின் வரும் பொட்டலமோ கடனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வருகிறது. பிழைப்பை நாடிப் பெருநகருக்கு வந்திருக்கும் நம் சங்கக் குடும்பங்கள் யாவும் அறிந்த செய்தியே இது.

இதற்குப் பரிகாரம் புதிய சமையற் புத்தகங்களில்தான் இருக்கிறது என்று எண்ண வேண்டுவதில்லை. நம்முள் பலர் விட்டுவந்த பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புறச் சிற்றூர்களில் இரவு உணவுக்கு ‘அத்தாளம்’ என்று பெயர். வயலிலும் தறியிலும் சந்தையிலும் பொழுது போக்கிவிட்டு இருட்டிய பின் வீடு சேர்ந்த நம் பாட்டிமார், வீட்டில் இருந்த நான்கைந்து பண்டங்களைக் கொண்டே அந்த அத்தாளத்தை விரைவில் ஆக்கி முடித்தனர். அந்த முறையைச் சிறிது சிந்தித்துப் பார்ப்பது நமக்குப் பெரிதும் பயன்படும்.

இல்லாமையில் பிறந்த சமையல்

எல்லைப்புறச் சமையல் சிக்கனமாக அமைந்ததற்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. திருவிதாங்கூர் நாட்டில் நெல் விளைந்தது போதாது; பல காலமாக வெளியிலிருந்து அரிசி வந்தாக வேண்டியிருந்தது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரச்சீனிக் கிழங்கைப் போர்த்துகீசியர் இக்கரைக்குக் கொணர்ந்தனர். 1880 முதல் 1885 வரை ஆட்சி புரிந்த விசாகம் திருநாள் மகாராஜா அதன் பயிரை நாடெங்கும் பரப்ப ஊக்கம் அளித்தார். மேட்டு நிலத்திலும் செம்மண்ணிலும், அதிகத் தண்ணீரோ எருவோ இன்றி வளரும் பயிராதலால் ஏழை எளியவர்க்கு அது பெருந்துணை ஆயிற்று.

அதன் அருமை 1942-இல் நன்கு விளங்கியது. அவ்வாண்டு ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே, பர்மா அரிசி வருவது அடியோடு நின்றுபோயிற்று. அந்தப் பஞ்ச காலத்தில் திருவிதாங்கூர்க் குடும்பங்கள் எத்தனையோ, மரச்சீனியைக் கொண்டே உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டன.

பின்னர் 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளை இப்புறம், பாறசாலை அப்புறம் என்றாயிற்று. 1960-களின் நடுவில் மாநிலம் விட்டு மாநிலம் அரிசி கொண்டு செல்வதற்குத் தடை இருந்தபோது, அந்தக் கோடு அடுப்பங்கரை வரையில் நீண்டு வந்தது. எனினும் எல்லைக்கு இருபுறமும் சட்டியில் கொதித்த குழம்பு ஒன்றே. ஒருவர் ‘மரச்சீனி’ என்பதை மற்றவர் ‘கப்ப’ என்றனர், அவ்வளவே வேற்றுமை.

கஞ்சியும் பயறும்

எல்லைப்புற அத்தாளங்களில் முதலிடம் கஞ்சிக்கும் பயற்றுக்குமே உரியது. நால்வர் கொண்ட குடும்பத்திற்கு ஒன்றரை டம்ளர் புழுங்கலரிசியும், அரை டம்ளர் சிறுபயறும் போதும். அரிசியைக் களைந்து, எட்டு டம்ளர் தண்ணீருடன் குக்கரில் இட்டு, அதன்மேல் ஒரு சிறு பாத்திரத்தில் பயற்றையும் அது மூழ்கும் அளவிற்கு மேலும் சிறிது தண்ணீரையும் வைத்து மூட வேண்டும். குக்கரினுள் அழுத்தத்தினால் வெப்பம் ஏறத்தாழ 120 பாகை வரையில் உயருவதால், திறந்த பானையில் நெடுநேரம் வேகும் பண்டம் விரைவில் வெந்துவிடுகிறது. சிறுபயற்றை ஊறவைக்க வேண்டுவதும் இல்லை. கடலை, மொச்சை போன்றவற்றிற்கு இல்லாத இந்த வசதியே, நேரம் தவறி வீடு வருபவர்க்குச் சிறுபயற்றை உற்ற நண்பனாக்குகிறது.

குக்கர் ஓசையிடும் நேரத்தில் ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், சிறிது சீரகம், இரண்டு பல் பூண்டு, மஞ்சள் தூள், ஒரு வற்றல் மிளகாய் இவற்றை அரைத்துக்கொண்டு, வெந்த பயற்றோடு கலந்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் கறி ஆயத்தம். சுட்ட வற்றல் மிளகாய், தேங்காய், சிற்றுள்ளி, புளி, உப்பு ஆகியவற்றை அரைத்த துவையல் ஒன்றும், சுட்ட பப்படம் ஒன்றும் உடன் இருந்தால் விருந்தினர்க்கும் பரிமாறலாம்.

இதனை ஏழைச் சோறு என்று இகழ்வோர் சிலர். அவர்கள் ஒன்றை அறிதல் வேண்டும். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டை ஒட்டியுள்ள பி-1 வைட்டமின் அரிசியின் உட்புறம் சென்று தங்குகிறது. ஆலையில் தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. கஞ்சியை வடித்துக் கொட்டாமல் நீரோடு பருகுவதால் அச்சத்து வீணாவதும் இல்லை. அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் பகுதி குறைவு. பயற்றில் அது மிகுதி. பயற்றில் குறைவான வேறொரு பகுதி அரிசியில் உண்டு. இரண்டும் கூடும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. இந்த இரசாயனத்தை நம் பாட்டிமார் கற்றவரல்லர். ஆயினும் கஞ்சிக்குப் பயறு துணை என்பதை அவர்கள் கை அறிந்திருந்தது.

மரச்சீனி: ஓர் எச்சரிக்கை

மரச்சீனியைத் தோலுரித்து, சிறு துண்டுகளாக வெட்டி, வேகவைத்து வடித்து, தேங்காயும் பச்சைமிளகாயும் சீரகமும் மஞ்சளும் அரைத்துச் சேர்த்து மசித்தால் ‘மயக்கிய கிழங்கு’ ஆகும். இதற்குக் காந்தாரி மிளகாயும் சிற்றுள்ளியும் உப்பும் நசுக்கி, தேங்காய் எண்ணெய் ஊற்றிய சம்மந்தியே போதிய துணை. மீன் குழம்பு இருப்பின் சொல்ல வேண்டுவதில்லை.

ஆனால் நகரத்தில் பிறந்து வளர்ந்த நம் இளம் சகோதரிகளும் சகோதரர்களும் ஒரு செய்தியை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இக்கிழங்கில் லினமரின் என்னும் பொருள் உண்டு. அதிலிருந்து கொடிய நஞ்சாகிய ஹைட்ரோசயனிக் அமிலம் தோன்றும். கசக்கும் வகைகளில் இது மிகுதி. ஆகையால் பச்சைக் கிழங்கைத் தின்னலாகாது. குழந்தைகள் கையிலும் கொடுக்கலாகாது. நிறையத் தண்ணீர் வைத்து, பாத்திரத்தை மூடாமல் வேகவிட்டு, அந்தத் தண்ணீரை முழுவதும் வடித்துக் கொட்டிவிட வேண்டும். குக்கரில் சிறிது நீரோடு மூடி வேகவைப்பது நேரத்தை மிச்சப்படுத்தலாம். ஆனால் நஞ்சை உள்ளேயே நிறுத்தி வைக்கும் வழி அது. வெந்த பின்னும் கசக்கும் கிழங்கை எறிந்துவிடுவதே நன்று.

பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களில் உள்ளே நீலக்கோடு ஓடிக் கெட்டுவிடும். எனவே, வாங்கிய அன்றே தோலுரித்து வெட்டி உறைபெட்டியில் வைத்துக்கொள்ளலாம். ஊரில் கிழங்கை அரைவேக்காடாக அவித்து வெயிலில் உலர்த்தி வைப்பர். அதனை வாங்கி வைத்தால் பல மாதம் கெடாது. முதல் நாள் இரவே ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு மறுநாள் வேகவைக்க வேண்டும்.

மற்றொன்று: மரச்சீனி பசியை ஆற்றும், உடம்பை வளர்க்காது. நூறு கிராம் கிழங்கில் புரதம் ஏறத்தாழ ஒரு கிராம்தான். நூறு கிராம் சிறுபயற்றிலோ ஏறத்தாழ 24 கிராம் உண்டு. எனவே வளரும் பிள்ளைகளுக்கு மரச்சீனியைத் தனியே கொடாமல் மீன், முட்டை, பயறு இவற்றுள் ஒன்றைச் சேர்த்தே கொடுக்க வேண்டும். பூவாறு, பொழியூர்க் கடற்கரையிலிருந்து வந்த சாளையும் நெத்தோலியும் எல்லைப்புற ஊர்களில் கிழங்குக்குத் துணையானது இவ்வகையில் பெரும் பேறே ஆகும். கடல் இல்லாத ஊரில் இருப்போர்க்குக் கருவாடு உண்டு. வெந்நீரில் ஊறவைத்து உப்பைக் கழுவிவிட்டுப் பயன்படுத்தலாம்.

ஞாயிற்றுக்கிழமையின் உதவி

விரைவுச் சமையலின் இரகசியம் இரவில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பகலில் இருக்கிறது. ஒரு முழுத் தேங்காயைத் துருவி, கொத்துமல்லி, வற்றல் மிளகாய், சிறிது நல்லமிளகு, கறிவேப்பிலையுடன் செந்நிறமாகும்வரை வறுத்து, ஆறியபின் அரைத்துக் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டால், தீயல் ஒரு வாரம் வரையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். வேலை நாளில் சிற்றுள்ளியையோ, முருங்கைக்காயையோ, கத்தரிக்காயையோ எண்ணெயில் வதக்கி, புளிக்கரைசலும் இந்த அரைப்பும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் கால்மணி நேரத்தில் தீயல் ஆயிற்று. காய் ஒன்றும் இல்லாத நாளில் அவித்த முட்டைகளை இடலாம். கோடையில் சேர்த்துவைத்த சக்கைக் கொட்டையையும் இடலாம். 2018-இல் கேரள அரசு மாநிலப் பழமாக அறிவித்த பலாவின் கொட்டையை நாம் குப்பையில் போடுவது தகுமா?

மீந்த சோற்றைப் பற்றியும் ஒரு சொல். அதனை அடுப்பின்மேல் விடியும் வரையில் வெதுவெதுப்பாக விட்டுவைப்பது வயிற்றுக் கோளாறுக்கு வழி. ஆறியவுடன் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் நன்கு சூடேற்றி உண்பதே பாதுகாப்பு.

கணக்கும் கடமையும்

இக்கட்டுரையாளன் இரயில்வேயில் கணக்கெழுதிப் பிழைப்பவன். ஆதலின் கணக்கின்றி எதையும் நம்புவதில்லை. எங்கள் வீட்டுச் செலவுப் புத்தகத்தில் நால்வர்க்கு ஒரு முறை ஓட்டல் பொட்டலம் வாங்கிய தொகை, கஞ்சியும் பயறும் துவையலும் ஆக்கிய நான்கு இரவுகளின் செலவைவிடக் கூடுதலாக இருக்கிறது. வாரத்தில் இரண்டு பொட்டலங்களை நிறுத்தினால் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகச் செலவில் ஒரு பகுதிக்கேனும் வழி பிறக்கும். புழுங்கலரிசி, சிறுபயறு, புளி, வற்றல் மிளகாய், சிற்றுள்ளி, தேங்காய், சிறிது கருவாடு ஆகிய ஏழும் வீட்டில் இருக்குமாயின் எந்த இரவும் பட்டினி இரவு ஆகாது.

இறுதியாக ஆண்மக்களுக்கு ஒன்று கூற விரும்புகிறேன். மனைவியும் தம்மைப் போலவே இரயில் நெரிசலில் நின்று வருகிறாள் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். முதலில் வீடு சேர்பவர் எவரோ அவரே அரிசியைக் களைந்து குக்கரை ஏற்றிவிடுவது என்று ஒரு விதி செய்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். தேங்காய் துருவுவதற்கு ஆண், பெண் என்ற வேற்றுமை ஏது? பத்து வயதுப் பிள்ளை சிற்றுள்ளி உரிக்கலாம். உரித்துக்கொண்டே ‘இது ஏன் தீயல்?’, ‘அத்தாளம் என்றால் என்ன?’ என்று அப்பிள்ளை கேட்குமாயின், சொல்ல வேண்டியவர் நாமே. பிறந்த ஊரைக் கண்டறியாத நம் குழந்தைகளுக்கு அவ்வூரின் சொற்களையும் சுவையையும் அளிக்கச் சமையலறையைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறில்லை. அதற்குச் செலவாவது நாளொன்றுக்கு அரைமணி நேரமே.