பூஜ்ஜியத்தில் தொடங்கும் ஸ்டாக்ஹோம், ஒன்பதில் தொடங்கும் ஓஸ்லோ

*பழைய ஸ்காண்டிநேவிய டெலிபோன் டயல்களின் எண் வரிசைக்குப் பின்னால் ஒரு தொழில்நுட்ப வரலாறு*

சுழற்றும் டயல் டெலிபோனைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் முகம் மறக்காது. வட்டமாகப் பத்துத் துளைகள். வலது பக்கம் ஓர் உலோகத் தடுப்பு. துளைக்குள் விரலை விட்டு, தடுப்பில் முட்டும்வரை சுழற்றி விட்டால் தட்டு கிரகிரவென்று தானே திரும்பி வரும். தடுப்புக்கு மிக அருகில் இருக்கும் எண் 1. அங்கிருந்து 2, 3 என்று ஏறிக் கடைசித் துளையில் 0. இந்தியா, பிரிட்டன், அமெரிக்கா எல்லாவற்றிலும் இதுதான் வரிசை.

ஸ்வீடனில் அப்படி இல்லை. அங்கே தடுப்பை ஒட்டி இருப்பது 0. அதற்கு அடுத்து 1. கடைசித் துளையில் 9. பக்கத்து நாடான நார்வேயின் தலைநகர் ஓஸ்லோவில் இன்னொரு வரிசை. முதல் துளையில் 9, பிறகு 8, 7 என்று இறங்கி 1, அதற்குப் பின் 0. அதே நார்வேயின் பெர்கன் நகரில் மறுபடியும் நமக்குப் பழகிய 1 முதல் 0. டென்மார்க்கும் பின்லாந்தும் இந்தப் பழகிய வரிசையையே வைத்திருந்தன. இவற்றில் எதுவும் தொழிற்சாலைப் பிழை அல்ல. ஓர் ஊர் தொடக்கத்தில் எந்த முறையைத் தேர்ந்தெடுத்தது என்பதை அந்த டெலிபோனின் முகத்திலேயே படிக்கலாம்.

எண் அல்ல, எண்ணிக்கை

டயல் எந்த எண்ணையும் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்புவதில்லை. கம்பியில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்சட்டென்று துண்டித்துத் துண்டித்துச் சேர்க்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. விரலை எடுத்ததும் சுருள்வில் தட்டைத் திருப்பி இழுக்கிறது. உள்ளே இருக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி அதைச் சீராக ஓட வைக்கிறது. நொடிக்குச் சுமார் 10 துடிப்புகள். முதல் துளையில் சுழற்றினால் ஒரு துடிப்பு, பத்தாவது துளையில் சுழற்றினால் பத்துத் துடிப்பு. மறுமுனையில் எக்ஸ்சேஞ்ச் அவற்றை எண்ணிக்கொள்கிறது.

எந்தத் துளைக்கு எந்த எண் என்பது டயலுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் இடையிலான உடன்பாடு மட்டுமே. நம் டயலில் 1 என்றால் ஒரு துடிப்பு, 0 என்றால் பத்து. ஸ்வீடனில் 0 என்றால் ஒன்று, 1 என்றால் இரண்டு, 9 என்றால் பத்து. அதாவது எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஓஸ்லோவில் பத்திலிருந்து எண்ணைக் கழிக்க வேண்டும்: 9 என்றால் ஒன்று, 1 என்றால் ஒன்பது, 0 என்றால் பத்து. ஓஸ்லோ டயலிலும் நம் டயலிலும் ஒரே இடத்தில் இருப்பவை 5, 0 ஆகிய இரண்டு எண்கள்தாம். ஸ்வீடன் டயலில் ஒன்றுகூட இல்லை.

ஸ்வீடன்: எண் கோட்டின் ஒழுங்கு

லார்ஸ் மாக்னஸ் எரிக்சன் 1876இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய பட்டறைதான் பின்னாளில் உலகம் அறிந்த எரிக்சன் நிறுவனம். தானியங்கி எக்ஸ்சேஞ்சுக்கு அது உருவாக்கிய இயந்திரம் 500 இணைப்புத் தேர்வி. அழைப்பை உரிய இணைப்போடு சேர்க்கும், இருபது இருபது இணைப்புகளாக இருபத்தைந்து தொகுதிகள் அடங்கிய கருவி அது. இந்த முறையில் அமைந்த முதல் பெரிய எக்ஸ்சேஞ்ச் 1923இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் இயங்கத் தொடங்கியது. 1924இல் ஸ்டாக்ஹோமும் அதற்கு மாறத் தொடங்கியது.

எண்ணும் முறையில் 0க்குப் பிறகுதான் 1 வரும். ஸ்வீடனின் டயல் அந்த ஒழுங்கையே பின்பற்றுகிறது. இதற்கு அன்றாடப் பலனும் உண்டு. வெளியூருக்குப் பேச முதலில் சுழற்றுவது 0. நம் டயலில் அதுதான் மிக நீண்ட சுற்று. ஸ்வீடனில் மிகக் குறுகியது. ஸ்டாக்ஹோமின் குறியீடான 08 அங்கே 10 துடிப்புகளில் முடிந்துவிடும். சென்னையின் 044ஐ நம் டயலில் சுழற்றினால் 18 துடிப்புகள்.

எரிக்சனின் புகழ்பெற்ற எரிக்கோஃபோனிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். ரிசீவரும் டயலும் ஒரே துண்டாக, படமெடுத்த பாம்பைப் போல நிமிர்ந்து நிற்கும் டெலிபோன் அது. டயல் அடிப்பாகத்தில் இருக்கும். 1950களில் விற்பனைக்கு வந்து நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வரை போனது. ஸ்வீடன் வீடுகளுக்கான எரிக்கோஃபோனைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் வரிசை 0இல் தொடங்கும். அமெரிக்கச் சந்தைக்காக ஒஹையோ மாநிலத்தின் காலியன் நகரில் செய்ததில் 1இல் தொடங்கும். உடல் ஒன்று, முகம் வேறு.

ஓஸ்லோவும் நியூசிலாந்தும்

ஓஸ்லோவின் இறங்குவரிசைக்கு உலகத்தின் மறுகோடியில் ஓர் இரட்டை இருக்கிறது: நியூசிலாந்து. அங்கும் 9 முதல் துளையில், 0 கடைசியில். இரண்டு இடங்களும் தொடக்கத்தில் ஒரே வகை எக்ஸ்சேஞ்சை வாங்கியிருந்தன. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் ஐரோப்பியக் கிளை பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் தயாரித்த 7ஏ ரோட்டரி முறை அது. நியூசிலாந்து 1919இல் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஓஸ்லோ இன்னும் கிறிஸ்தியானியா என்று அழைக்கப்பட்ட 1920களின் தொடக்கத்தில் அங்கேயும் வந்து சேர்ந்தது.

இந்த முறையில் சந்தாதாரரின் துடிப்புகள் தேர்வியை நேரடியாக நகர்த்துவதில்லை. ஒரு பதிவுக் கருவி அவற்றை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு மோட்டாரால் சுழலும் தேர்வி, நகர நகரத் தானே துடிப்புகளைத் திருப்பி அனுப்பும்; பதிவுக் கருவி அவற்றை எண்ணி உரிய இடத்தில் நிறுத்தும். வந்த எண்ணிக்கையும் தேர்வி நகரும் எண்ணிக்கையும் ஒன்றாகவே இருக்க வேண்டிய கட்டாயம் இங்கே இல்லை; எனவே டயலின் வரிசை எப்படியும் இருக்கலாம்.

ஆனால் ஒரே நாட்டில் இரண்டு வரிசைகள் இருந்ததன் சுமை மக்கள் மீது விழுந்தது. ஓஸ்லோ டெலிபோனை எடுத்துக்கொண்டு பெர்கனுக்குக் குடிபோனால் 34 என்று சுழற்றும்போது 76க்கு மணி அடிக்கும். நார்வே ஓவியர் ஜான் ஹைபெர்க் வடிவமைத்த 1930களின் அழகிய பேக்லைட் டெலிபோன் உலகெங்கும் மேசைகளை அலங்கரித்தது. அது பிறந்த நாட்டுக்குள்ளேயே இரண்டு விதமான எண் தட்டுகள் தேவைப்பட்டன.

உயிர் காக்கும் எண்கள்

அவசர உதவி எண்களிலும் டயல் வரிசை தன் முத்திரையைப் பதித்திருக்கிறது. லண்டனில் 1937இல் 999 வந்தது. நியூசிலாந்து 1958இல் 111ஐத் தேர்ந்தெடுத்தது. அங்கே 1 என்றால் ஒன்பது துடிப்பு. பிரிட்டனில் 999க்காகச் செய்த எக்ஸ்சேஞ்ச் கருவிகள் அங்கே 111க்கு அப்படியே பொருந்தின. எண் வேறு, கம்பியில் போகும் துடிப்பு ஒன்றேதான்.

ஸ்வீடன் 1956இல் 90 000 என்ற எண்ணைக் கொண்டுவந்தது. நம் டயலில் இது 49 துடிப்புகள்; ஆபத்து நேரத்தில் பொறுமையைச் சோதிக்கும் நீளம். ஸ்வீடன் டயலில் வெறும் 14. கடைசித் துளை ஒருமுறை, முதல் துளை நான்குமுறை. இரண்டுமே வரிசையின் ஓரங்கள் என்பதால் இருட்டிலும் விரலால் தடவிக் கண்டுபிடிக்கலாம். 1996இல் ஐரோப்பாவின் பொது எண்ணான 112 அதன் இடத்துக்கு வந்தது.

வேறுபாடு மறைந்த விதம்

1963இல் அமெரிக்காவில் பொத்தான் டெலிபோன் சேவை தொடங்கியது. ஒவ்வொரு பொத்தானும் இரண்டு ஒலிகளைச் சேர்த்து அனுப்பும்; அந்த ஒலிச் சேர்க்கையே எண்ணைச் சொல்லிவிடும். துடிப்பை எண்ணும் வேலை போனது. அதோடு ஸ்டாக்ஹோமுக்கும் ஓஸ்லோவுக்கும் தனித்தனி வரிசை வைத்திருக்கும் காரணமும் போனது.

இன்று இந்த டெலிபோன்கள் பழம்பொருள் கடைகளிலும் இணையச் சந்தையிலும் கைமாறுகின்றன. துடிப்பை இன்னும் ஏற்கும் வேறொரு நாட்டு இணைப்பில் ஸ்வீடன் டெலிபோனைப் பொருத்தி 112 சுழற்றினால் 223 என்று போகும். ஓஸ்லோ டெலிபோனில் 998 என்று போகும். இந்தத் தொல்லை வேண்டாம் என்று சிலர் எண் தட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வழக்கமான தட்டைப் பொருத்திவிடுகிறார்கள்.

அது செய்யக் கூடாத காரியம். கறுப்பு பேக்லைட் உடலை எங்கும் பார்க்கலாம். அந்த டெலிபோன் எந்த ஊரில் வாழ்ந்தது, எந்த எக்ஸ்சேஞ்சோடு பேசியது என்பதற்கு மிஞ்சியிருக்கும் சாட்சி அந்த எண் தட்டுதான். துடிப்புகளை மாற்றித் தர வேண்டுமானால் வெளியே ஒரு சிறு மின்னணுக் கருவியை இணைத்துக்கொள்ளலாம்; முகத்தில் கைவைக்கத் தேவையில்லை. பழைய டெலிபோன் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், முதலில் தடுப்புக்கு அருகில் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். 0 என்றாலும் 9 என்றாலும் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.