பைக் லிஃப்ட் தானா இறங்குதா? ஆயிலைப் பார்க்கறதுக்கு முன்னாடி லாக்கைப் போடுங்க!

நெய்வேலி டவுன்ஷிப்ல ஞாயிற்றுக்கிழமை காலையில எந்த வட்டத்துக்குள்ள போனாலும், குவார்ட்டர்ஸ் வாசல்ல குத்துக்காலிட்டு உட்கார்ந்து பைக் செயினைத் துடைக்கிற ஒருத்தரையாவது பார்க்கலாம். சுரங்கமும் அனல்மின் நிலையமும் இருக்கிற ஊர். ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்சவங்க வீட்டுக்கு ஒருத்தர் இருப்பாங்க. முதுகு வலிக்க ஆரம்பிச்சதும் அடுத்து மனசுல வர்றது லிஃப்ட். கால்ல மிதிச்சா மேசை மாதிரி மேல வர்ற ஹைட்ராலிக் லிஃப்ட்.

சரி, வாங்கியாச்சு. ஷெட்டுல வெச்சாச்சு. ஆறு மாசம் கழிச்சு ஒருநாள் பைக்கை மேல ஏத்திட்டு டீ குடிச்சுட்டு வந்து பார்த்தா, லிஃப்ட் கொஞ்சம் இறங்கியிருக்கு. "ஓ, சும்மா கொஞ்சம்தானே"னு விட்டுடாதீங்க பாஸ். உள்ள ஏதோ கசியுதுன்னு லிஃப்ட் சொல்ற முதல் தகவல் அது.

கசிவு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்னு புரிய, நெய்வேலி மண்ணுக்குக் கீழயே ஒரு உதாரணம் இருக்கு. 1930-கள்ல ஜம்புலிங்கம் முதலியார் நிலத்துல கிணறு தோண்டினப்போ தண்ணியோட கறுப்பா வந்த பொருள்தான் இந்த ஊரோட ஆரம்பம்னு எல்லாருக்கும் தெரியும். அந்தப் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில அழுத்தத்தோட அடைபட்ட தண்ணி இருக்கு. அதை ராத்திரி பகலா பம்ப் போட்டு இறைச்சு அழுத்தத்தைக் குறைக்கலைன்னா, சுரங்கத்தோட தரையையே பெயர்த்துக்கிட்டு மேல வந்துடும். அடைபட்ட திரவத்துக்கு அவ்வளவு சக்தி. உங்க ஷெட்டுல அதே வேலையை அரை லிட்டரோ ஒரு லிட்டரோ ஆயில் செய்யுது.

கணக்கு சிம்பிள். பாஸ்கல் விதி, பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். பம்போட பிஸ்டன் 1 சதுர செ.மீ, தூக்குற தண்டு 10 சதுர செ.மீ-ன்னு வெச்சுக்குவோம். பிஸ்டன்ல 20 கிலோ அழுத்தினா தண்டுல 200 கிலோ கிடைக்கும். பதிலுக்கு, பிஸ்டன் 10 செ.மீ நகர்ந்தாதான் தண்டு 1 செ.மீ ஏறும். அதனாலதான் அத்தனை தடவை மிதிக்க வேண்டியிருக்கு. கத்திரி மாதிரி விரியற மாடல்ல இன்னொரு விஷயம்: மேசை தரையோட படிஞ்சு கிடக்கும்போது தண்டு கிட்டத்தட்ட படுத்த நிலையில இருக்கும். அப்போ பைக் எடையைவிடப் பல மடங்கு விசை தேவை. முதல் நாலைஞ்சு மிதி கனமா இருக்கறதுக்குக் காரணம் இதுதான். சீலுக்கு அதிக அடி விழறதும் அந்த நேரத்துலதான்.

இந்த மொத்த அழுத்தத்தையும் தடுத்து நிறுத்தறது, மோதிரம் மாதிரி ஒரு ரப்பர் சீலும் மிளகு சைஸ்ல ஒரு இரும்பு உருண்டையும்தான். ஒரு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, 195 கிலோ. அதுக்குக் கீழ கையை விட்டு டிரெய்ன் போல்ட்டைக் கழட்டும்போது, உங்க கைக்கும் அந்த 195 கிலோவுக்கும் நடுவுல நிக்கறது அந்த மிளகு மட்டும்னா எப்படி இருக்கும்?

அதனால முதல் விதி: ஆயில் தூக்கறதுக்கு, இரும்பு தாங்கறதுக்கு. லிஃப்டோட வர்ற லாக் கம்பியை, அதாவது சேஃப்டி பின்னை, ஒவ்வொரு தடவையும் போடணும். ரெண்டு நிமிஷ வேலைன்னாலும் போடணும். பின் மேல மேசை உட்காரணும். அதுக்கு அப்புறம்தான் கீழ கை போகணும். பெரிய மெஷின்ல வேலை பார்த்த அப்பாவோ மாமாவோ வீட்டுல இருந்தா, தொங்கற லோடுக்குக் கீழ நிக்காதேன்னு அவங்களே திட்டுவாங்க.

இப்போ டெஸ்ட். பைக்கை ஏத்தி, முன் சக்கரத்தை கிளாம்ப்ல இறுக்கி, ரெண்டு பக்கமும் பெல்ட் கட்டுங்க. மேசையை மேல கொண்டுபோய், லாக் பின்னுக்குக் கொஞ்சம் மேல நிக்கற மாதிரி நிறுத்துங்க. பின் கீழ இருக்கட்டும். மேசை இறங்கினாலும் அதுல போய் உட்கார்ந்துக்கும். தரையில இருந்து மேசை உயரத்தை டேப்ல அளந்து எழுதி வைங்க. ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடியும் அளங்க. கண்ணுக்குத் தெரியற அளவு இறங்கியிருந்தா, தண்டைப் பாருங்க. தண்டைச் சுத்தி ஆயில் ஈரம் இருந்தா, போனது சீல். வெளியில சொட்டு ஆயில்கூட இல்லாம இறங்குதுன்னா, ரிலீஸ் வால்வு சரியா மூடலை, இல்லைன்னா அந்த உருண்டைக்கு அடியில தூசி உட்கார்ந்திருக்கு. கொடியில காயற துணியில கரி படியற ஊர்ல தூசிக்கா பஞ்சம்?

மிதிச்சா ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்குதா? உள்ள காத்து. ரிலீஸ் வால்வைத் திறந்து வெச்சுட்டு, லோடு இல்லாம பத்துப் பதினைஞ்சு தடவை மிதிங்க; காத்து டேங்க்குக்குத் திரும்பி வெளியேறிடும். பாதி உயரத்துக்கு மேல ஏறலையா? பெரும்பாலும் ஆயில் குறைவு. தண்டை முழுசா உள்ள இறக்கிட்டுதான் ஆயில் அளவு பார்க்கணும், ஊத்தணும். தண்டு வெளியில இருக்கும்போது ஃபுல்லா ஊத்தினா, இறங்கும்போது அந்த ஆயிலுக்கு இடம் இருக்காது.

என்ன ஆயில்? மேனுவல்ல போட்டிருக்கறதுதான். பெரும்பாலும் 32 அல்லது 46 நம்பர் ஹைட்ராலிக் ஆயில். இங்கதான் நிறைய பேர் சறுக்கறாங்க. பிரேக்கும் ஹைட்ராலிக்தானேன்னு பிரேக் ஆயிலை ஊத்தினா கதை முடிஞ்சது. அது கிளைக்கால் வகை. ஜாக்கியில இருக்கற ரப்பர் சீலை ஊறவெச்சு உப்ப வெச்சிடும். மிச்சம் இருக்கற இன்ஜின் ஆயிலும் வேண்டாம். பழைய ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம். மொத்தமா மாத்திடுங்க.

இன்னொண்ணு, தூக்க மாட்டேங்குதேன்னு கண்ணுல படற ஸ்க்ரூவையெல்லாம் திருகாதீங்க. அதுல ஒண்ணு ஓவர்லோடு வால்வு. அதை இறுக்கினா, அளவுக்கு மீறின எடையில நிறுத்த வேண்டிய காவல்காரனைத் தூங்க வெச்ச மாதிரி.

பம்புக்கும் தண்டுக்கும் நடுவுல ஹோஸ் இருக்கற மாடலா? கசிவு எங்கேன்னு விரலால தடவிப் பார்க்கவே கூடாது. ஊசிமுனை ஓட்டையில இருந்து வர்ற ஆயில் தோலைத் துளைச்சு உள்ள போகும். வெளியில சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது. ஆனா சில மணி நேரத்துல விரலே போற அளவுக்குப் போகலாம். ஒரு அட்டையைக் காட்டிப் பாருங்க, ஈரம் எங்க படுதுன்னு தெரியும். தோல்ல ஏறிடுச்சுன்னு சந்தேகம் வந்தாலே நேரா ஆஸ்பத்திரி. ஹைட்ராலிக் ஆயில் உள்ள போயிருக்குன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க.

மத்ததெல்லாம் பெரிய வேலை இல்லை. தண்டை பனியன் வேஸ்ட்ல துடைச்சு, லிஃப்டை எப்பவும் இறக்கியே வைங்க. தண்டு உள்ள இருந்தா துரு பிடிக்காது. துரு பிடிச்ச புள்ளி சீலை அறுக்கும், எமரி பேப்பர் போட்ட கீறலும் அறுக்கும். மூட்டுகள்ல கிரீஸ், போல்ட்டுகள்ல ஒரு இறுக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில தார்ப்பாயை இறுக்கமா மூடினா உள்ளயே வேர்த்துக் கொட்டும். கீழ ரெண்டு பலகை போட்டு, காத்து போற மாதிரி மூடுங்க. லிஃப்ட் மேல வெச்சு பைக்கைக் கழுவாதீங்க.

ரிட்டையர்மென்ட் வந்து குவார்ட்டர்ஸ் காலி பண்ணும்போது, லிஃப்டைப் படுக்க வெச்சு வண்டியில ஏத்தறது சகஜம். புது வீட்டுல இறக்கினதும் நிமிர்த்தி ஒருநாள் விடுங்க. ஆயில் அளவு பார்த்து, காத்தை எடுத்துட்டு, காலி மேசையை நாலு தடவை ஏத்தி இறக்குங்க. அப்புறம் பைக். மாத்தின பழைய ஆயில் கேன்ல இருக்கும். அதைத் தோட்டத்துப் பலா மரத்தடியில ஊத்தாம, பழைய ஆயில் சேர்க்கற சர்வீஸ் சென்டர்ல கொடுத்துடுங்க.