வேலை வெல்டர், பதிவு ஹெல்ப்பர்

"அடிக்கல, திட்டல, வாரக் கூலியும் ஒழுங்கா வருது. அப்புறம் வடநாட்டுப் பசங்களுக்கு இங்க என்னண்ணே குறை?" உடையார்பாளையம் டீக்கடைகளில் தம்பிமார் கேட்கிற கேள்விதான். நியாயமான கேள்வி. உட்காருங்கள், டீ வரட்டும், சொல்கிறேன்.

அரியலூர் மண்ணில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அதனால் சிமெண்ட் ஆலைகள் வந்தன. ஆலை வேலைக்கும் கட்டட வேலைக்கும் பீகார், ஒடிசாக்காரர்கள் வருகிறார்கள், பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் மூலமாக. அப்படி வந்த ஒருவர் மூன்று வருஷமாக வெல்டிங் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் அவர் இன்னும் ஹெல்ப்பர். குறைந்தபட்சக் கூலி திறனைப் பார்த்து நிர்ணயிக்கப்படுகிறது. ஹெல்ப்பருக்குக் கீழ்த்தட்டுக் கூலி. பக்கத்தில் அதே வேலை செய்கிற உள்ளூர்க்காரர் வெல்டர் கூலி வாங்குகிறார்.

சட்டம் இதை நினைக்காமல் இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் அழைத்து வரப்படும் தொழிலாளருக்கான 1979-ஆம் ஆண்டுச் சட்டம், ஒரே மாதிரி வேலைக்கு ஒரே கூலி என்றது. ஊரை விட்டு வந்ததற்கு மாதக் கூலியில் பாதியைத் தனிப்படியாகவும் கொடுக்கச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் புதிய சட்டத்தொகுப்பு இருக்கிறது. அதில் ஊருக்குப் போய்வரப் பயணப்படி உண்டு; அந்தப் பாதிக்கூலிப் படி இல்லை.

சரி, அதிகாரி சோதனைக்கு வருகிறார். ஹெல்ப்பர் என்று எழுதியிருக்கிறது, ஹெல்ப்பர் கூலி கொடுத்திருக்கிறது. கணக்கில் தப்பே இல்லை. வசவு காதில் விழும். பதிவேட்டில் நடக்கிற இந்த அநியாயம் யார் காதிலும் விழாது. இதற்கு மேல், பாதுகாப்புப் பயிற்சி தமிழில் மட்டும் நடக்கும். புரியாமல் நின்றவரை "விவரம் பத்தாது" என்பார்கள். அடுத்த பதவி உயர்வும் கைநழுவும்.

சிங்கப்பூரில் நம் பிள்ளைகளுக்கு இப்படி நடந்தால் நமக்கு வலிக்கும். அங்கே 2025 ஜனவரியில் நிறைவேறிய பணியிட நியாயச் சட்டம், வேலைக்கு எடுப்பதோடு நிற்காமல் மதிப்பீடு, பதவி உயர்வு, பயிற்சி வரைக்கும் போகிறது. ஆனாலும் 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு முதலில் விலக்கு. உள்ளூர்க் குடிமக்களுக்கு முன்னுரிமை தரவும் தடையில்லை. எந்தச் சட்டத்துக்கும் ஓர் எல்லை இருக்கத்தான் செய்யும்.

அதனால் நம்மில் மேஸ்திரியாக, சூப்பர்வைசராக, கணக்கெழுதுபவராக இருப்பவர்களிடம்தான் கேட்கிறேன்: அவர் என்ன வேலை செய்கிறாரோ அதையே எழுதுங்கள். கூலிச் சீட்டிலும் அதுவே வரட்டும். பயிற்சியை அவருக்குப் புரிகிற மொழியில் சொல்லுங்கள். பேனா உங்கள் கையில்தான் இருக்கிறது.